பாதி மெயில் வருகிறது, பாதி மாயமாகிறது: ஸோன் ஃபைலை எப்படிச் சரிசெய்வது?

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவன விவரமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்களுடைய டொமைனை இங்கே உதாரணம்.காம் என்றே குறிப்பிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவர் வேலைக்குச் சேர்ந்தது கணக்குப் பிரிவில். கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிப்போனதும் அந்தப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. நிறுவனத்துக்கு நேம் சர்வர் (டொமைனின் மெயிலும் வெப்சைட்டும் எந்த முகவரியில் இருக்கின்றன என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் சர்வர்) இரண்டு. முதலாவது, அலுவலகத்திலேயே ஓர் உபுண்டு கம்ப்யூட்டரில் ஓடும் பைண்ட் என்ற நேம் சர்வர் மென்பொருள். இரண்டாவது, முன்பு மெயிலையும் வெப்சைட்டையும் நடத்திக்கொடுத்த சேவை நிறுவனத்தின் சர்வர். அவர்களோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மார்ச் 12 அன்று மெயிலை ஒரு புதிய சேவைக்கும், வெப்சைட்டை வேறொரு ஹோஸ்டிங்குக்கும் மாற்றுவதற்காக, அந்த முகவரிகள் வரிவரியாக (ரெக்கார்டுகளாக) எழுதப்பட்டிருக்கும் ஸோன் ஃபைலைத் திருத்தினார். அன்றிலிருந்து வெளியிலிருந்து வரும் மெயில்கள் திரும்பிப்போக ஆரம்பித்தன. மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரியின் கடைசியில் புள்ளி இல்லை என்று நண்பர் ஒருவர் சொல்ல, 14ஆம் தேதி புள்ளி வைத்தார். அப்புறம் ஒரு நாளில் மெயில் திரும்புவது நின்றது. ஆனால் இன்று வரை பாதி மெயில் வருகிறது, பாதி வருவதில்லை. அனுப்பியவர்களுக்கும் எந்தப் பிழைச் செய்தியும் போகவில்லை. ஜெர்மனியில் இருந்து வர வேண்டிய ஓர் ஆர்டர் மெயில் இப்படிக் காணாமல் போயிருக்கிறது. வெப்சைட்டும் சிலருக்குப் புதியது தெரிகிறது, சிலருக்குப் பழையது. ‘மாற்றம் இன்டர்நெட் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும்’ என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவர் கேட்கும் கேள்விகள்: இன்னும் காத்திருக்க வேண்டுமா? இரண்டாவது சர்வரின் பழைய பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. நானே உள்ளே போய்ச் சரிசெய்யலாமா? சொந்த நேம் சர்வரே வேண்டாம் என்று விட்டுவிடுவது நல்லதா? கடிதத்தோடு ஸோன் ஃபைலின் பழைய, புதிய பிரதிகள் இரண்டையும் அனுப்பியிருக்கிறார். அதனால்தான் ஊகமாகச் சொல்லாமல் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி. காணாமல் போனதாக நீங்கள் நினைக்கும் மெயில்கள் பெரும்பாலும் தொலைந்திருக்காது. அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி போகவில்லை என்றால், எங்கோ ஒரு சர்வர் அந்த மெயிலை வாங்கிக்கொண்டது என்று பொருள். உங்கள் விஷயத்தில் அது பழைய சேவை நிறுவனத்தின் மெயில் சர்வர்தான். பழைய மெயில் பெட்டிகளை அவர்கள் இன்னும் மூடவில்லை. ஜெர்மனி ஆர்டரும் அங்கே விழுந்து கிடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு வரியைத் திருத்த வேண்டும். ‘இரண்டாவது நேம் சர்வர் முதலாவது நின்றுபோனால் மட்டும் பயன்படும் மாற்று ஏற்பாடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதன்மை, இரண்டாம் நிலை என்ற பிரிவு எல்லாம் உங்கள் இரண்டு சர்வர்களுக்கு உள்ளேதான். எது மூலப் பிரதி, எது அதைப் பார்த்துப் படியெடுப்பது என்பதைத்தான் அது சொல்கிறது. வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு இரண்டும் சமம். ஒரே வங்கியில் இரண்டு கவுன்டர் இருப்பதுபோல. வருகிறவர் எதில் வேண்டுமானாலும் நிற்பார். உலகத்தின் மெயில் சர்வர்கள் பயன்படுத்தும் ரிசால்வர்கள் (அவற்றுக்காக நேம் சர்வர்களிடம் முகவரி கேட்டுவரும் சர்வர்கள்), எது வேகமாகப் பதில் சொல்கிறதோ அதை அதிகமாகக் கேட்கும், ஆனால் மற்றதையும் இடையிடையே கேட்டுப் பார்க்கும். உங்கள் அலுவலகச் சர்வரிடம் கேட்டவர்கள் புதிய முகவரியைப் பெற்றார்கள். இன்னொன்றிடம் கேட்டவர்களுக்குப் பழைய முகவரி கிடைத்தது. ‘பாதி வருகிறது, பாதி வரவில்லை’ என்பதன் முழுக் கதையும் இதுதான். வெப்சைட்டுக்கும் இது ஒரு காரணம்; இன்னொன்றைக் கீழே சொல்கிறேன்.

இதை நீங்களே இப்போதே பார்த்துவிடலாம். நேம் சர்வரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க உதவும் டிக் கட்டளையில் @ போட்டு, ஒட்டினாற்போல் நேம் சர்வரின் பெயரைக் கொடுத்து, உங்கள் டொமைனின் எஸ்ஓஏ ரெக்கார்டை (ஸோன் ஃபைலின் தலைப்பு வரி) கேளுங்கள். முதல் சர்வரிடம் ஒரு தடவை, இரண்டாவதிடம் ஒரு தடவை. சும்மா டிக் என்று கேட்டால் இடையில் இருக்கும் கேஷ் (முன்பு வாங்கிய பதில்களின் சேமிப்பு) பதில் சொல்லி உங்களைக் குழப்பும். @ போட்டுக் கேட்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு பதிலிலும் சீரியல் எண் (ஸோன் ஃபைலின் பதிப்பு எண்) வேறு வேறாக இருக்கும்.

48 மணி நேரம் என்பது எங்கிருந்து வந்தது?

டிஎன்எஸ்ஸில், அதாவது இந்த நேம் சர்வர் அமைப்பில், எதுவும் தானாகப் ‘பரவுவதில்லை’. உங்கள் சர்வர் யாருக்கும் மாற்றத்தை ஊர் ஊராக அனுப்பி வைப்பதில்லை. கேட்டவர்கள் பதிலை வாங்கிக்கொண்டு, அதில் எழுதியிருக்கும் டிடிஎல் (பதிலை வைத்துக்கொள்ளக்கூடிய காலம்) முடியும் வரை வைத்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் திரும்ப வந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான். உங்கள் ஃபைலின் தலையில் டிடிஎல் 86400 விநாடி என்று இருக்கிறது. அதாவது ஒரு நாள். 14ஆம் தேதி புள்ளி வைத்த பிறகும் ஒரு நாள் வரை மெயில்கள் திரும்பிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இந்தக் கணக்குதான். புள்ளியில்லாத தவறான பதிலை வாங்கி வைத்திருந்தவர்கள் ஒரு நாள் அதையே நம்பினார்கள்.

48 மணி நேரம் என்ற எண்ணுக்கும் ஓர் அடிப்படை உண்டு. உங்கள் டொமைனுக்கு எந்த நேம் சர்வர்கள் பொறுப்பு என்பதை .காம் சர்வர்கள் சொல்லும்போது 172800 விநாடி என்ற டிடிஎல்லோடு சொல்கின்றன. அது இரண்டு நாள். நேம் சர்வரையே மாற்றும்போது அந்தக் கணக்கு பொருந்தும். நீங்கள் நேம் சர்வரை மாற்றவில்லை, உள்ளே இருக்கும் ரெக்கார்டுகளைத்தான் மாற்றினீர்கள். ஆகவே ஒரு நாளுக்கு மேல் எதுவும் சரியாகாமல் இருந்தால், காத்திருப்பது பலன் தராது. இரண்டாவது சர்வர் உங்கள் புதிய பிரதியை வாங்கவே இல்லை. இன்னும் ஒரு மாதம் காத்திருந்தாலும் நிலைமை மாறாது.

சீரியல் எண்: கோளாறின் வேர் இங்கே

ஏன் வாங்கவில்லை? நீங்கள் சீரியலை மாற்ற மறக்கவில்லை. நீங்கள் படித்த வழிகாட்டி சொன்னபடி, ஆண்டு, மாதம், தேதி, வரிசை எண் என்று ஒழுங்காக 2025031201 என எழுதினீர்கள். பழைய பிரதியைப் பாருங்கள். அங்கே 2201090604 என்று இருக்கிறது. முன்பு இருந்தவர் 2021 என்று எழுத நினைத்து, எண்களை இடம் மாற்றி 2201 என்று தட்டியிருக்க வேண்டும். நீங்கள் அதை எழுத்துப்பிழை என்று எண்ணித் திருத்தினீர்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் நேம் சர்வருக்குத் தேதி தெரியாது. அதற்குச் சீரியல் என்பது வெறும் எண். இரண்டாவது சர்வர் வந்து பார்க்கிறது: ‘என்னிடம் இருப்பது 2201090604. மூலப் பிரதியில் 2025031201 என்று இருக்கிறது. அது என்னிடம் இருப்பதைவிடப் பழையது.’ வாங்காமல் திரும்பிப்போய்விடுகிறது. 14ஆம் தேதி நீங்கள் போட்ட 2025031401 என்ற எண்ணுக்கும் அதே கதி.

இதில் இன்னொரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் முதன்மை சர்வர், சீரியல் குறைந்திருந்தாலும் ரீலோடு செய்ததும் புதிய ஃபைலை ஏற்றுக்கொள்ளும். அதனால் நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. லாகில் ஓர் எச்சரிக்கை வரி விழுந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு மாற்றம். சீரியலை 2201090605 ஆக்குங்கள். பழைய எண்ணைவிட ஒன்று கூடுதல். ரீலோடு செய்யுங்கள். முதன்மை சர்வர் மற்றதுக்குத் தகவல் சொல்லும், அது வந்து புதிய பிரதியை எடுத்துக்கொண்டு போகும். உங்கள் பைண்ட் லாகில் ஏஎக்ஸ்எஃப்ஆர் (முழுப் பிரதியையும் கொடுப்பது) என்ற சொல்லோடு ‘ஸ்டார்ட்டட்’, ‘எண்டட்’ என இரண்டு வரிகள் தெரிந்தால் வேலை முடிந்தது. பிறகு @ போட்டு இரண்டு சர்வரையும் திரும்பக் கேட்டு, சீரியல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

‘2201ஆம் ஆண்டு’ என்று ஃபைலில் இருப்பது கண்ணை உறுத்தலாம். அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். தேதி வடிவம் மனிதர்களின் வசதிக்கான பழக்கம் மட்டுமே. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டிக்கொண்டு போனால் போதும். என்றைக்காவது தேதிக்கே திரும்ப வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. சீரியல் 32 பிட் எண். 4294967295 வரை போய், பிறகு 0க்குச் சுற்றி வரும். எது பெரிது, எது சிறிது என்று அது வட்டக் கணக்கில்தான் ஒப்பிடுகிறது. 2201090605 உடன், ஒரே தாவலில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 2147483647ஐக் கூட்டி, சுற்றைக் கழித்தால் 53606956 வரும். முதலில் அந்த எண்ணைப் போட்டு, இரண்டாவது சர்வர் அதை எடுத்துக்கொண்டதை உறுதி செய்துவிட்டு, அப்புறம் அன்றைய தேதியைப் போடலாம். அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் பாதி மெயில் வராத இந்த நேரத்தில் அந்த வித்தை வேண்டாம்.

புள்ளியும் மற்றப் பிடிவாதங்களும்

ஸோன் ஃபைலின் எழுத்து முறை 1987இல் பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1035 என்ற இன்டர்நெட் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இன்றும் ஏறக்குறைய அதேதான். விதிகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் விட்டுக்கொடுக்காதது.

புள்ளி விஷயத்தில் நண்பர் சொன்னது சரி. ஒரு பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால் ‘இது முழுப் பெயர், இதோடு எதையும் சேர்க்காதே’ என்று அர்த்தம். இல்லாவிட்டால் பைண்ட் அதன் பின்னால் உங்கள் டொமைனையும் ஒட்டிவிடும். மெயில்.உதாரணம்.காம் என்று புள்ளியில்லாமல் எழுதினால் அது மெயில்.உதாரணம்.காம்.உதாரணம்.காம் ஆகிவிடும். அப்படி ஒரு கம்ப்யூட்டர் உலகத்தில் இல்லாததால் மெயில் திரும்பிப்போகிறது. எம்எக்ஸ், என்எஸ் (நேம் சர்வரின் பெயர்), சிநேம் (ஒரு பெயருக்கு மாற்றாக இன்னொரு பெயர்) ஆகிய மூன்றிலும் வலது பக்கம் வரும் பெயருக்கு இது பொருந்தும். 192.0.2.10 போன்ற ஐபி முகவரிக்குப் பின்னால் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய ஃபைலில் சில வரிகள் பெயரே இல்லாமல் வெற்றிடத்தில் ஆரம்பிக்கின்றன. அது பிழை கிடையாது. ‘மேல் வரியில் இருந்த அதே பெயர்’ என்று பைண்ட் எடுத்துக்கொள்ளும். ஆபத்து எப்போது என்றால், இடையில் புதிதாக ஒரு வரியைச் செருகும்போது. எம்எக்ஸ் வரிக்கு மேலே டபிள்யூடபிள்யூடபிள்யூ வரியைச் செருகினால், அந்த எம்எக்ஸ் டொமைனைவிட்டு டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபைல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இனிமேல் ஒவ்வொரு வரியிலும் பெயரை எழுதிவிடுங்கள். டொமைனுக்கே உரிய வரி என்றால் @ போடுங்கள்.

அடுத்தது சிநேம். ஹோஸ்டிங் நிறுவனம் உங்களுக்கு ஐபி தராமல் ஒரு பெயரைத் தந்திருக்கிறது. அதை @க்கு சிநேமாகப் போட்டதும் ‘சிநேம் அண்ட் அதர் டேட்டா’ என்று பிழை வந்து பைண்ட் ஏற்க மறுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மறுத்தது நல்லதுக்குத்தான். ஒரு பெயருக்கு சிநேம் இருந்தால் அந்தப் பெயரில் வேறு எந்த ரெக்கார்டும் இருக்கக் கூடாது. உங்கள் டொமைனின் தலைப் பெயரில் எஸ்ஓஏ, என்எஸ், எம்எக்ஸ் எல்லாம் இருந்தே ஆக வேண்டும். அதனால் அங்கே சிநேம் போடவே முடியாது. டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு மட்டும் சிநேம் போடுங்கள். தலைப் பெயருக்கு, ஐபியை நேரடியாகச் சொல்லும் ஏ ரெக்கார்டு கொடுக்க ஹோஸ்டிங் நிறுவனத்திடம் நிலையான ஐபி கேளுங்கள். இப்போது அந்த இடத்தில் பழைய சேவை நிறுவனத்தின் ஐபிதான் இருக்கிறது. டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாமல் தட்டுகிறவர்கள் எல்லோருக்கும் பழைய வெப்சைட் தெரிவது அதனால்தான். அதையும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஃபைலில் எஸ்பிஎஃப் வரி (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்வது) இரண்டு இருக்கிறது. பழைய சேவையுடையதை அப்படியே விட்டுவிட்டு, புதியதைக் கீழே சேர்த்திருக்கிறீர்கள். ஒரு பெயருக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் இரண்டையும் நிரந்தரப் பிழை என்று தள்ளிவிடும். நீங்கள் அனுப்பும் கொட்டேஷன்கள் ஸ்பாமில் விழுவதாக ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதற்கு இது காரணமாக இருக்கலாம். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இந்த விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறது. பழைய வரியை எடுத்துவிடுங்கள். புதிய சேவை தந்த டிகேஐஎம் சாவியை (நீங்கள் அனுப்பும் மெயிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க உதவுவது) சேர்க்கும்போது முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வெளியே விட்டால், அதில் இருக்கும் அரைப்புள்ளியைக் குறிப்பின் ஆரம்பம் என்று எண்ணி பைண்ட் மீதியை விட்டுவிடும். ஒரு மேற்கோளுக்குள் 255 எழுத்துக்குமேல் கொள்ளாது. நீளமான சாவியை இரண்டு மூன்று மேற்கோள்களாகப் பிரித்து அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்து எழுதலாம்.

ரீலோடு செய்வதற்கு முன்னால் பைண்டோடு வரும் நேம்டு-செக்ஸோன் கட்டளையை ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சிநேம் மாதிரியான தவறுகளை ஃபைல் உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடும். எம்எக்ஸ்ஸில் புள்ளி விடுபட்டு, பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே விழுந்தால், அப்படி ஒரு முகவரி இல்லை என்றும் எச்சரிக்கும். தவறான ஃபைலை ரீலோடு செய்தால் பைண்ட் நினைவில் இருக்கும் பழைய பிரதியை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்து, கம்ப்யூட்டர் புதிதாக எழும்போது அந்த ஸோன் ஏறாது. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியும்.

பழைய பாஸ்வேர்டு

உள்ளே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தச் சர்வர் அவர்களுடையது. ஒப்பந்தம் இருந்த காலத்தில் கொடுத்த பாஸ்வேர்டு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேலை செய்கிறது என்பதாலேயே அனுமதி ஆகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாகக் காட்டினால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் நோக்கம் நேர்மையானது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க அலைய வேண்டியவர் முதலாளி இல்லை, நீங்கள். அவரே சொன்னாலும் செய்யாதீர்கள். நல்ல வேளையாக அதற்குத் தேவையும் இல்லை; சீரியல் சரியாக இருந்தால் அந்தச் சர்வர் தானே வந்து பிரதியை எடுத்துக்கொள்ளும்.

ஒருவேளை அவர்கள் உங்கள் ஸோனை முடக்கி வைத்திருந்து, சீரியலைக் கூட்டியும் அது வாங்கவில்லை என்றால், அந்தச் சர்வரைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு வேறொன்றை வைப்பதுதான் வழி. டொமைன் பதிவாளரின் பக்கத்திலும் உங்கள் ஸோன் ஃபைலிலும், இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். 48 மணி நேரக் கணக்கு அப்போதுதான் உண்மையாகவே வரும்.

பழைய நிறுவனத்தோடு சண்டை போடாமல், எழுத்தில் கேளுங்கள். முதலாளி கையெழுத்தோடு ஒரு கடிதம், அதன் பிரதி மெயிலில். மார்ச் 12க்குப் பிறகு அவர்கள் சர்வரில் விழுந்த மெயில்கள் அனைத்தையும் தரும்படி கேளுங்கள். அவற்றை வாங்கிச் சரிபார்த்த பிறகு, உங்கள் டொமைனைத் தங்கள் மெயில் சர்வரின் பட்டியலில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் மிக அவசியம். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் வரை, அதே சர்வரில் மெயில் வைத்திருக்கும் வேறு நிறுவனங்கள் உங்களுக்கு எழுதினால், அந்தச் சர்வர் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே ‘இவர் நம்ம ஆள்தானே’ என்று பழைய பெட்டியில் போட்டுவிடும். கரூரில் இருக்கும் உங்கள் நூல் வியாபாரியோ சாயப்பட்டறையோ அதே சேவையில் இருந்தால், டிஎன்எஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவர்களுடைய மெயில் மட்டும் வராது.

அப்புறம், டொமைன் யார் பெயரில் பதிவாகி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். புதுப்பிக்கும் பில் அந்த நிறுவனம் வழியாக வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்; அது எனக்குக் கவலை தருகிறது. உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், வேறு பதிவாளருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. .காம் டொமைன்களுக்கு டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி, கேட்ட 5 நாளுக்குள் மாற்றத்துக்கான குறியீட்டைப் பதிவாளர் தர வேண்டும். அவர்கள் பெயரில் இருந்தால் விஷயம் வேறு. உறவு முழுவதும் கெடுவதற்கு முன்பே பெயர் மாற்றத்தைப் பேசி முடியுங்கள், தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் உங்கள் நிறுவனத்துக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது.

சொந்த நேம் சர்வர் வேண்டுமா?

ஒரே பிராட்பேண்ட் இணைப்பு, ஒரே கம்ப்யூட்டர், கணக்கு வேலைக்கு நடுவே அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். இந்த நிலையில் நேம் சர்வரை அலுவலகத்தில் வைத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நிர்வகிக்கப்படும் டிஎன்எஸ் சேவைக்குப் போவது உங்களுக்கு நல்லது. உலகத்தில் பல இடங்களில் அவர்களுக்குச் சர்வர் இருக்கும். சீரியலை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிளவுட்ஃபிளேர் போன்ற சில சேவைகள் தலைப் பெயர் சிநேம் சிக்கலையும் தங்கள் பக்கத்திலேயே தீர்த்துவிடுகின்றன. இன்னொரு வழியும் உண்டு: உங்கள் பைண்டை வெளியே தெரியாத முதன்மையாக வைத்துக்கொண்டு, வெளி உலகத்துக்குப் பதில் சொல்லும் வேலையை மட்டும் ஒரு சேவையிடம் விடலாம். ஃபைல் உங்கள் கையில் இருக்கும். இந்த வேலையில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தைப் பார்த்தால் ஆர்வம் இருப்பதாகத்தான் தெரிகிறது.

ஆனால் இன்று மாற்றாதீர்கள். உடைந்திருக்கும்போது வீடு மாறினால், எது பழைய கோளாறு, எது புதியது என்று தெரியாமல் போய்விடும். முதலில் சீரியலைச் சரிசெய்து, இரண்டு சர்வரும் ஒரே பதில் சொல்லும் நிலைக்கு வாருங்கள். ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். பிறகு டிடிஎல்லை 300 ஆகக் குறைத்து ஒரு நாள் பொறுங்கள். புதிய சேவையில் எல்லா ரெக்கார்டுகளையும் ஏற்றி, நேம் சர்வரை மாற்றும் முன்பே @ போட்டு அவர்களுடைய சர்வரை நேரடியாகக் கேட்டு, ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். பதிவாளர் பக்கத்தில் டிஎஸ் ரெக்கார்டு (டிஎன்எஸ்செக் என்ற டிஜிட்டல் கையெழுத்துப் பாதுகாப்புக்கானது) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை நீக்கி ஒரு நாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஎன்எஸ்செக் சரிபார்க்கும் ரிசால்வர்கள் உங்கள் டொமைனையே ஏற்க மறுக்கும். மாற்றிய பிறகும் அலுவலக பைண்டை உடனே அணைத்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் அதே பதில்களோடு ஓடட்டும்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உள்ளதையே சொல்லுங்கள்: நமக்கு இரண்டு நேம் சர்வர், பல வருடம் முன்பு போட்ட ஒரு தவறான எண்ணால் இரண்டாவது சர்வர் நம் மாற்றத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன், பழைய சர்வரில் விழுந்த மெயில்களைக் கேட்டு எழுத உங்கள் கையெழுத்து வேண்டும். டிக் காட்டும் இரண்டு சீரியல் எண்களையும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்தால் கணக்குத் தெரிந்த எந்த முதலாளிக்கும் புரியும்.

பழைய நிறுவனம் மெயில்களைத் தர எத்தனை நாள் எடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஜெர்மனி வாடிக்கையாளர் உட்பட, 12ஆம் தேதிக்குப் பிறகு எழுதியிருக்கக்கூடிய எல்லோரையும் இன்றே போனில் கூப்பிட்டு, அனுப்பியதைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் சீரியலை மாற்றி இரண்டு சர்வரும் ஒத்துப்போன பிறகு, டிடிஎல்லுக்காக ஒரு நாள் விட்டு அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த மெயிலும் பழைய பெட்டிக்கே போய்ச் சேரலாம். அவ்வளவு பொறுக்க முடியாத ஆர்டர் என்றால், வேறொரு ஜிமெயில் முகவரியைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.